அரைப் பங்கு டைலர்

மெர்டேக்கா, அதான் சுதந்திரம், வர்றதுக்கு முந்துன வருசம் காஜா பேராங்ல எங்க வரிசை வீட்டுக்காரங்க சேந்து ஒரு சங்கம் ஆரம்பிச்சோம். ராத்திரிக் காவல் பாக்குற ஜாகாவுக்குச் சம்பளம், கெணறு தூர் வாருற செலவு, எல்லாத்துக்கும் பங்கு பிரிச்சோம். குடும்பத்துக்கு முழுசு, தனியாளுக்குப் பாதி. ஞாயமாத்தான் பட்டுச்சு.

தனியாளுன்னா பின்னால ரூம்புல வாடகைக்கு இருந்த டைலரு ஒருத்தருதான். நெட்டையா, லேசா கூன் போட்டு இருப்பாரு. ஒதட்டுல எப்பவும் நாலு குண்டூசி. நான் பங்கு வாங்கப் போனப்ப ஊசியெல்லாம் எடுத்து வெச்சிட்டு, "நானும் முழுசாவே குடுத்துடுறேன் தம்பி. பின்னால ஒரு பேச்சு வராது"ன்னாரு.

"எதுக்குண்ணே? அரைப் பங்குக்கு அரை ஆளு. கூட்டத்துல அரைக் கை தூக்குங்க, போதும்"னேன். கேட்டவங்க எல்லாம் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு.

அடுத்த கூட்டத்துல அவரு ரூம்ப சங்கத்து ஆபீசுக்கு எடுத்துக்கலாம்னு பேச்சு வந்துச்சு. வேணாம்னு கை தூக்குனது அவரு மட்டுந்தான்.

"அரை ஆளுக்கு ஏதுப்பா ஓட்டு?"ன்னாரு தலைவரு. எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. டைலரும் என்னைத்தான் பாத்தாரு. நானும் சிரிச்சுத் தொலைச்சேன்.

ரூம்பு காலி பண்ணுன அன்னிக்கு, தையல் மிஷின லோரியில ஏத்த ஒரு பக்கம் புடிச்சேன்.

"எங்கண்ணே போறீங்க?"

"செங் பக்கம் தம்பி. அங்க எல்லாருக்கும் ஒரே பங்குதானாம். கேட்டுட்டேன்."

கோபமே இல்லாம சொன்னாரு. அன்னிக்குக் கூட்டத்துல எந்திரிச்சு, அது வெளையாட்டுக்குச் சொன்னதுன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.