அம்மன் முகத்தில் விழுந்த நிழல்

இன்று பதுளையில் கணினியில் படம் வரைந்துதான் பிழைக்கிறேன். ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒரு காலத்தில் எனக்கு ‘உருண்டை’ என்றுதான் பெயர். அதற்குக் காரணம் மாமா, அம்மாவின் தம்பி. கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தவர், நோய் பரவிய காலத்தில் கடையை மூடியதும் தெமோதரைக்கே திரும்பி வந்தார். வரும்போது மூலையில் கண்ணாடி வெடித்த பழைய தொடுதிரை டெப் ஒன்றையும் கொண்டுவந்தார். பாடசாலை மூடியிருந்ததால், படிப்புக்கென்று அது என் கைக்கு வந்தது. பத்து வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்தால் அது படிப்போடு நிற்குமா?

அதில் படம் வரையப் பழக்கும் வீடியோக்கள் கிடைத்தன. தினமும் ஓர் உருண்டை வரை, ஒரு பக்கம் வெளிச்சம் வை, மறுபக்கம் நிழல் போடு, கை பழகும்வரை வேறெதையும் தொடாதே என்பது முதல் பாடம். நானும் தொடவில்லை. மாமா தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பார். “இன்னைக்கும் உருண்டைதானா? லட்டுக் கடை வைக்கப் போறியா?” என்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அடுத்த உருண்டையை இன்னும் வீம்பாக வரைவேன்.

முகம் வரையும் பாடம் வந்தபோது, அசையாமல் உட்கார ஓர் ஆள் தேவைப்பட்டது. அப்பா உட்கார்ந்தால் உடனே மூக்கு அரிக்கும். மாமா வாயை மூடமாட்டார். பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு மலையிலிருந்து வரும் அம்மாவைத்தான் பிடித்தேன். முகம் கழுவி, தேத்தண்ணிக் கோப்பையோடு அம்மா வாசற்படியில் ஒருக்களித்து உட்காருவார். வெளிப்பக்கத்துக் கன்னம் பளிச்சென்றிருக்கும், வீட்டுப் பக்கத்துக் கன்னம் இருண்டிருக்கும். பாடத்தில் சொன்னது அப்படியே கண்முன்னால் இருந்தது.

“ஆடாதீங்கம்மா” என்று அதட்டுவேன்.

“நாள் பூரா நின்ன காலு. உக்காரச் சொன்னா கசக்குமா?” என்று அம்மா சிரிப்பார். சிரித்தால் ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழும். அந்தக் குழிக்கு நிழல் போடுவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. மாதக்கணக்கில், ஒவ்வொரு சாயந்தரமும், அம்மாவையே வரைந்தேன்.

மறு வருடம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா வந்தது. கமிட்டிக்காரர்கள் பதுளையில் பேனர் அடிப்பார்கள். அச்சகத்தில் இருக்கும் ஏதோ ஓர் அம்மன் படத்தைப் போட்டுத் தோட்டத்தின் பெயரை மட்டும் மாற்றுவார்கள். பக்கத்துத் தோட்டத்துக்கும் அதே அம்மன்தான். மாமா கூட்டத்தில் எழுந்து, “இந்த வருசம் எங்க அக்கா மக வரைவா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனாலும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் படம் கோயில் வாசலில் தொங்கினால், அதற்கப்புறம் எவன் என்னை உருண்டை என்று கூப்பிடுவான்?

கோயிலுக்குப் போய்ப் பார்த்து, கிரீடம், சூலம், மூக்குத்தி எல்லாவற்றையும் அச்சு அசலாக வரைந்தேன். முகத்துக்கு மட்டும் எதையும் பார்க்கவில்லை. கை தானாகப் போனது.

கமிட்டித் தலைவர் டெப்பைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா மொகத்துல பாதி இருட்டா இருக்கே. ஆத்தா மொகத்துல இருட்டு விழலாமா? தோட்டத்துக்கு ஆகாது” என்றார் தலைவர்.

எனக்கு அழுகை முட்டியது. நிழலைத் தனி லேயரில், படத்தின் மேல் வைத்த கண்ணாடித்தாள் மாதிரி, போட்டிருந்ததால், தொட்டதும் அது மறைந்துவிடும். மறைத்துக் காட்டினேன். முகம் அப்பளம் மாதிரித் தட்டையாகிவிட்டது. தலைவருக்கு அதுதான் பிடித்தது! அப்பளத்தைக் கொடுக்கமாட்டேன் என்று அடம்பிடித்தேன். நாளை சாயந்தரத்துக்குள் நிழல் இல்லாமல் வராவிட்டால் அச்சகத்து அம்மன்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

வழி கண்டுபிடித்தது மாமாதான். “ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் வச்சாத்தானே இருட்டு? ரெண்டு பக்கமும் வெளக்கு வை” என்றார். எங்கள் குத்துவிளக்கையும் பக்கத்து வீட்டுக் குத்துவிளக்கையும் ஏற்றி, நடுவில் அம்மாவை உட்கார வைத்தோம். இரண்டு கன்னமும் பொன்னாகிவிட்டன. நிழல் மூக்கின் அடியிலும் அந்தக் கன்னக்குழியிலும் மட்டும் போய் ஒதுங்கியது. அதைப் பார்த்துப் பார்த்து முகத்தைத் திருத்தினேன். படத்திலும் இரண்டு விளக்குகள் வைத்தேன். தலைவர் தலையை ஆட்டினார்.

திருவிழாவன்று கோயில் வாசலில் என் அம்மன் ஆளுயரத்துக்குத் தொங்கினாள். வந்தவர்கள் எல்லாரும் கும்பிட்டுவிட்டே உள்ளே போனார்கள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அப்பாவும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். “வீட்லயும் இப்பிடித்தான் கும்புடுறீங்களாண்ணே?” என்று ஓர் அக்கா கேட்க, மற்றப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சாமி விசயத்தில் என்ன சிரிப்பு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அம்மா மட்டும் பேனர் பக்கமே வரவில்லை. பொங்கல் பானைக்குப் பின்னால் நின்றுகொண்டு ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். “எல்லாரும் கும்பிட்டாங்க. நீங்க மட்டும் கும்பிடல. படம் நல்லா இல்லையாம்மா?”

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். “போடி, எனக்கு வெக்கமா இருக்கு.”

சாமி கும்பிட என்ன வெட்கம்? புதுச் சேலை கட்டியிருந்தார். அதனால்தான் கூட்டத்துக்குள் வரக் கூச்சப்படுகிறார் என்று முடிவு செய்தேன். பாவமாகவும் இருந்தது. சரி, நீங்கள் இங்கேயே நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு, பேனருக்கு முன்னால் போய், எனக்காக ஒரு தடவையும் அம்மாவுக்காக ஒரு தடவையும் விழுந்து கும்பிட்டுவிட்டு வந்தேன்.