சர்க்கரை போடாத டீ

தாம்பரம் சானடோரியம் தாண்டும்போதுதான் டீ வடிகட்டும் துணி என் தோளிலேயே கிடப்பதைப் பார்த்தேன். திரும்பிப் போய்க் கொடுத்தால் இன்னொரு முறை திட்டு வாங்க வேண்டும். ஒரு வேலிக்கம்பியில் மாட்டிவிட்டு ஜி.எஸ்.டி. சாலையில் பல்லாவரம் பக்கமாக நடந்தேன். தாம்பரத்தில் டீ மாஸ்டராக இருந்த வேலை அன்று மாலை போயிருந்தது. முதலாளியின் டீயில் சர்க்கரை போட்டேன் என்பது குற்றம். நான் போடவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். லாரி கிளீனர், செங்கல் சூளை, ஓட்டல் என்று போன இடம் எதிலும் ஒரு மழைக்காலத்தை முழுதாகப் பார்த்ததில்லை. வேலை போவது எனக்குப் பழக்கம்தான். செய்யாததற்குப் போனது அதுதான் முதல் தடவை.

முதலாளி செம்பாக்கத்துக்காரர். ஏரிக்குக் கீழே இருந்த நிலத்தை மனை மனையாக விற்றுவிட்டு, தாம்பரம் பஸ் ஸ்டாண்டை ஒட்டி டீக்கடை போட்டவர். நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குச் சர்க்கரை வியாதி. செருப்பு வார் உரசிக் கால் கட்டைவிரலில் வந்த புண் ஆறவே இல்லை. விரல் கறுத்தால் எடுத்துவிட வேண்டும், விரலோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கல்லாவில் உட்கார்ந்து காலை ஒரு ஸ்டூலில் நீட்டி வைத்திருப்பார். வருகிறவர்கள் முதலில் விரலைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் டீ சொல்வார்கள்.

சர்க்கரைக்குப் பதிலாகச் சாக்கரின் மாத்திரை போட்டுக்கொள்ளலாம் என்று யாரோ சொல்ல, மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வைத்திருந்தார். உளுந்தைவிடச் சின்ன மாத்திரை. டீயில் போடுவதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. அண்ணா அதை மருந்தாக்கிக்கொண்டார். கல்யாண வீட்டுக்குப் போனால் முதலில் ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். அப்புறம் ஜாங்கிரி.

“ஏண்ணா, அது இனிப்புக்குப் பதிலா போடறது இல்ல?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு புடிக்கிறோம்ல, அதான் மாஸ்டர் இது. முன்னாடியே போய் சக்கரையோட சீட்டுல குந்திக்கும். பின்னாடி சக்கரை வந்தா இடம் கீதா? நின்னுகினே வந்து அடுத்த ஸ்டாப்புல எறங்கிப் போய்டும்.”

நாள் முழுக்க பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதருக்கு இதில் சந்தேகம் வர வழியில்லை. எனக்கும் அப்போது நியாயமாகத்தான் பட்டது.

துண்டு போட்டு உட்கார்ந்தது உடம்பில் இல்லை, நாக்கில். அந்த மாத்திரையின் தித்திப்பு முரட்டுத் தித்திப்பு. கடைசியில் லேசாகக் கசக்கவும் செய்யும். அதற்குப் பழகியபின் வாழைப்பழம் சப்பென்று இருக்கிறது என்றார். கீரை மண், அவரைக்காய் வைக்கோல். டீக்கு ஒரு மாத்திரை போதவில்லை, இன்னொன்று விழுந்தது. எங்கள் கடையில் டிரைவர்களுக்குச் சர்க்கரை தூக்கலாக வேண்டும். அவர்கள் குடித்து வைத்த கிளாஸ்களின் அடியில் கரையாமல் கிடக்கும் சர்க்கரையை, கழுவப் போகும்வரை அண்ணா கண்ணெடுக்காமல் பார்ப்பார்.

அவர் மனைவி கடையில் பஜ்ஜி போடுவார். எனக்கு அக்கா. விரலுக்குத் தினமும் கட்டு மாற்றுவதும் அவர்தான். அதனால் எல்லாவற்றையும் விரலை வைத்துத்தான் யோசிப்பார். மாத்திரை கூடின அன்றைக்கெல்லாம் அண்ணாவின் கை பால்கோவாவுக்கு நீளுகிறது என்பதை அவர்தான் கண்டுபிடித்தார். ஒரு காலையில் இருந்த மாத்திரை முழுவதையும் சாக்கடையில் கொட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

“இனிமே இவருக்கு பாலும் டிகாஷனும்தான் தம்பி. வேற எதுவும் கூடாது. அவரு அழுதாலும் சரி, உன்ன அட்ச்சாலும் சரி.”

முதல் வாய் குடித்ததும் அண்ணா கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். “இது டீயா, கால் கழுவுன தண்ணியா?”

“கால் கழுவுன தண்ணிய தெனம் நான்தான் பாக்கறேன்,” என்றார் அக்கா, பஜ்ஜியைத் திருப்பியபடி. “அத நீ பாத்தா இத வாங்கி குடிப்ப.”

குடித்தார். வேறு கடைக்குப் போக அவரால் நடக்க முடியாது. பால்கோவா வாங்கி வரச் சொல்லி ஆட்களைக் கெஞ்சினார், அக்காவுக்குப் பயந்து ஒருவரும் வாங்கித் தரவில்லை. சில வாரம் பேஜார்தான். எல்லாரையும் திட்டினார், பஸ்ஸையும் திட்டினார். பிறகு திட்டுவது குறைந்தது. புண்ணின் ஓரத்தில் சிவப்பாகப் புதுத் தோல் வந்தது. அதை அக்கா கண்ணாடி பிடித்துக் காட்டினார். அன்றிலிருந்து அண்ணா வேறு ஆள். விரல் பிழைக்கும் என்று தெரிந்ததும், இழந்துவிடுவோமோ என்ற பயம் அப்போதுதான் அவருக்கு ஒழுங்காக வந்தது. ஒருநாள் பீட்ரூட் பொரியலைத் தள்ளி வைத்துவிட்டு, “இதுல வெல்லம் போட்டியா?” என்று அக்காவைக் கேட்டார். அக்கா கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.

அடுத்தது என் முறை. அன்று மாலை பால் நன்றாகக் காய்ந்து கெட்டியாக இருந்தது. அண்ணாவுக்கு டீ ஆற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவர் அப்படியே துப்பினார்.

“டேய், சக்கரை போட்டியா?”

“இல்லண்ணா.”

“இனிக்குதுடா! என் கால எட்க்கவா பாக்கற? யார்ரா உன்ன அனுப்பனது?”

பெஞ்சில் இருந்த ஆட்டோக்காரர் தன் கிளாஸை எட்டிப் பார்த்தார். “அதான பார்த்தேன். எனக்கு போட வேண்டியத உனக்கு போட்டுட்டாரு.”

“நீயே குட்ச்சி பாத்து சொல்லு,” என்று அண்ணா அவரிடம் நீட்டினார்.

ஆட்டோக்காரர் ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. “இதுல சக்கரையா? கஷாயம்ணா இது. இத இனிப்புன்றியே, உனக்கு நாக்குலயும் புண்ணா?”

எனக்கு உயிர் வந்தது. ஆனால் அண்ணா அவரை நம்பவில்லை. தூக்கலாகக் குடித்துக் குடித்து நாக்கு செத்தவன் நீ என்றார். அது உண்மைதான். நானும் அப்படித்தான் குடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அக்காவைக் கூப்பிட்டார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, டீயை அண்ணாந்து ஊற்றிக்கொண்டு, ஸ்டூலில் இருந்த காலைப் பார்த்தார்.

“ஆமா. இனிக்குது.”

அதோடு முடிந்தது. என் பையை எடுக்கக் கடைக்குப் பின்னால் போனேன். அக்காவும் வந்தார்.

“நீ போடலன்னு எனக்கு தெரியும்.”

“அப்பறம் ஏங்க்கா?”

“மாத்திரைய வுட்டதுல வெறும் பாலே இவ்ளோ இனிப்பா கீதுன்னு தெரிஞ்சா, அடுத்து இன்னா கேப்பாரு? அப்போ கொஞ்சமா சக்கரை போட்டா எப்டி இருக்கும்னு கேப்பாரு. யாரோ ஏமாத்தறாங்கன்னு நென்ச்சாத்தான் பயந்துகினு இருப்பாரு. தோலு மூட்ற வரைக்குமாவது இருக்கட்டும்.”

யோசித்துப் பார்த்தேன். அவருக்கு அந்த விரல் ஒன்றுதான், எனக்கு வேலை எங்கேயாவது கிடைக்கும். அக்கா ஒரு பொட்டலம் பஜ்ஜியை என் பையில் திணித்தார்.

“யாரு கேட்டாலும் போட்டேன்னே சொல்லு தம்பி. இந்தப் பக்கம் முழுக்க அவரு சொந்தக்காரங்க. ஒருத்தர் காதுல வுழுந்தாலும் வூட்டுக்கு வந்துடும்.”

குரோம்பேட்டை வரும்போது பஜ்ஜி தீர்ந்தது. பல்லாவரம் ஸ்டேஷன் நடைமேடையில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன்.

காலையில் ஒரு தோல் கிடங்கில் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். வாசலில் நின்ற மேஸ்திரி என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“தாம்பரத்துல எங்க மாமா கடை மாஸ்டர்தான நீ? ஏன் வந்துட்ட?”

“அண்ணா டீல சக்கரை போட்டேன்.”

சிரிப்பு நின்றது. “சக்கரை வியாதிக்காரனுக்கா? தெரிஞ்சேவா?”

“ஆமா.”

மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். திருப்பி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். லாரி வாசலில் நின்றது, இறக்கவும் உப்புப் போடவும் ஆள் போதவில்லை.

“த்தூ. நீயெல்லாம் மனுசனா? உள்ள போ. இங்க தின்ற சாமான் எதையும் தொடாத.”

உள்ளே ஆட்டுத் தோல்கள் உப்புப் போட்டு இடுப்பளவு அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாக உதறிப் பழைய உப்பைக் கொட்டிவிட்டு, புது உப்புத் தேய்த்துத் திரும்ப அடுக்க வேண்டும். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு முதல் தோலை எடுத்தேன்.