முன்வாசல் என்று சொன்னவர்

சேஷாத்ரி போய்விட்ட செய்தி எனக்குத் தொலைபேசியில் வந்தது. அவர் மனைவி ஜெயம் கூப்பிட்டிருந்தார். "ரகு" என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு இழுத்தார். அதிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. காலையில் கார் மேல் கிடந்த பனியை வழித்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பாம். நான் "ஐயோ" என்றேன். மனதார வந்த ஐயோதான். போனை வைத்த பிறகுதான், அவரோடு பேச்சை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிவிட்டதும், இனிமேல் சண்டை போடக்கூட ஆள் இல்லை என்பதும் உறைத்தன.

இங்குள்ள எங்கள் தமிழ்ச் சங்க மலரில் அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று நண்பர்கள் சொல்லிவிட்டார்கள். அவரோடு அதிகம் பழகியவன் நானாம். உண்மைதான். ஆனால் நல்லதை மட்டும் பொறுக்கி எழுதும் கை எனக்கு வாய்க்கவில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

உலகக் கண்காட்சி நடந்த கோடையில் நான் மாண்ட்ரியலுக்கு வந்து இறங்கினேன். விமான நிலையத்தில் என் பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டவர் சேஷாத்ரி. இரண்டு பேரும் ஒரே தொழிற்சாலையில் பொறியாளர்கள். அவர் எனக்கு முன்பே சேர்ந்தவர் என்பதால் அவரைக் கடைசிவரை சார் என்றுதான் கூப்பிட்டேன். முதல் மாதம் அவர் வீட்டில்தான் சாப்பாடு. அந்த உப்பை மறக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கோடை முழுக்க ராஜாக்களும் ஜனாதிபதிகளும் ஊருக்குள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். யாராவது பெரிய மனிதர் வருகிறார் என்றால் இல்-பிசாரில் சேஷாத்ரி வீட்டில் கூட்டம் சேர்ந்துவிடும். பஸ்ஸே எட்டிப் பார்க்காத அந்தத் தீவில் எதற்கய்யா வீடு வாங்கினீர் என்று எல்லோரும் கேலி செய்வார்கள். "உயரக் கட்டடம் இல்ல, சிக்னல் சுத்தமா வரும்" என்பார். சாப்பாட்டு மேஜையில் நகர வரைபடம் விரிந்திருக்கும். அதன் மேல் கவிழ்த்து வைத்த பித்தளை டம்ளர்தான் வி.ஐ.பி.யின் கார். போலீஸ் ரேடியோவில் தெருப் பெயர் வர வர, டம்ளரை நகர்த்துவோம். ஜெயம் உப்புமா கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னிக்கு யாரு, ராஜாவா ராணியா?" என்று கேட்பார். பெரிய பெரிய பட்டம் வாங்கிய டாக்டர்களும் பேராசிரியர்களும் ஒரு டம்ளருக்காக அடித்துக்கொண்டதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

முதலில் கையால் திருகும் ரேடியோதான் இருந்தது. பிறகு ஸ்கேனர் வாங்கினார். ஒவ்வொரு அலைவரிசைக்கும் நகத்தளவு படிகம் ஒன்றைச் செருக வேண்டும். சிவப்பு விளக்குகள் வரிசையாக ஓடும். எந்த அலைவரிசையில் பேச்சு வருகிறதோ அங்கே நிற்கும். அப்படி நிற்கும்போது மற்ற அலைவரிசைகளில் யார் என்ன பேசினாலும் நமக்குக் கேட்காது. இது அந்தப் பெட்டியின் குறை. பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

பிரெஞ்சில் எங்களுக்கு இடது, வலது, முன்னே, பின்னே தெரியும். அதற்கு மேல் பூஜ்யம். சேஷாத்ரிக்கும் அவ்வளவுதான். ஆனால் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும். ஒருமுறை விருந்தாளியின் கார்கள் பாலத்தின் வழியாக வருவதாக ரேடியோவில் ஒரு சார்ஜெண்ட் சொன்னான். நாங்கள் டம்ளரைப் பாலத்துக்குத் தள்ளினோம். சேஷாத்ரி கையைத் தட்டிவிட்டார். "வார்த்தையை விடு. அதுக்கு முன்னாடி மூச்சு இழுத்தான், கேட்டியா? மனசுக்கு ஒப்பாததைச் சொல்லத்தான் அப்படி மூச்சு வேணும்." கார்கள் ஆற்றுக்கு அடியில் சுரங்கப்பாதை வழியாக வந்து சேர்ந்தன. அன்று முதல் நாங்கள் எல்லோரும் மூச்சைக் கேட்க ஆரம்பித்தோம்.

அவருக்கு ஒரு சட்டமும் உண்டு. "இந்த மேஜைல கேட்டது இந்த மேஜையோட." வீட்டுக்குப் போய் மனைவியிடம்கூடச் சொல்லக்கூடாது என்பார். நாங்களும் சொன்னதில்லை.

இந்தியாவில் நெருக்கடி நிலை வந்தபோது என் தம்பி மாதவனைப் பிடித்துக்கொண்டுபோனார்கள். கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். வழக்கு இல்லை, விசாரணை இல்லை, எந்தச் சிறை என்றே பல வாரம் தெரியவில்லை. அவனுக்கு ஆஸ்துமா வேறு. அந்தச் சமயத்தில் டெல்லியிலிருந்து ஓர் அமைச்சர் மாண்ட்ரியலுக்கு வருவதாக அறிவிப்பு வந்தது. டிரங்க் கால் போட்டு அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒன்றுதான் கேட்டாள். "அவர் காதுல நம்ம மாதுவோட பேரைப் போடுடா. அப்புறம் அவர் பாடு, தெய்வத்தின் பாடு."

அமைச்சர் வந்து சேரும் அன்று இரவு, அவர் தங்கும் ஓட்டலிலேயே விருந்து. சங்கச் செயலாளர் என்ற முறையில் சேஷாத்ரிக்கு அழைப்பு இருந்தது. அங்கே ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "விருந்துல அதெல்லாம் பேச முடியாது ரகு. தப்பா எடுத்துக்காதே" என்றார். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னாரே என்று மதிப்புக்கூட வந்தது. "சரி சார், கார் எந்த வாசலுக்கு வருதுன்னாவது சொல்லுங்க. நான் நின்னு கத்திக்கறேன்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது சொல்றேன்" என்றார். எனக்காகத் தன் சட்டத்தையே மீறுகிறார் என்று நெகிழ்ந்துபோனேன்.

என்னோடு வந்தவன் கனகு, யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்தவன். என் தம்பியை அவன் பார்த்ததுகூட இல்லை. "அண்ணை, தனியப் போகாதேங்கோ. நானும் வாறன்" என்று கிளம்பிவிட்டான். விருந்துக்கு இன்னும் நேரமிருந்த பிற்பகல், நல்ல குளிர். ஓட்டலுக்குப் பக்கத்தில் ஒரு தெப்பனேர், இந்த ஊர்ப் பெட்டிக்கடை. அங்கிருந்த பொதுத் தொலைபேசியில் சேஷாத்ரியைக் கூப்பிட்டேன். அவர் பின்னால் ஸ்கேனர் கரகரப்பது கேட்டது. பிறகு சொன்னார்: "முன்வாசல், ரகு. முன்வாசலுக்குப் போ."

போனோம். கால் மரத்துப்போகும்வரை நின்றோம். ஒரு நீளமான கறுப்புக் கார் வந்து நின்றது. கதவு திறந்ததும் தொண்டை கிழிய, "மாதவன்! என் தம்பி மாதவனை விடுங்கள்!" என்று கத்தினேன். வெளியே இறங்கியது ஒரு கல்யாணப் பெண். வெள்ளை கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாழ்த்துகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, என்னைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தாள். கனகு என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அண்ணை, இது வேற கார்" என்றான். அமைச்சர் பின்பக்கத்தில் சாமான் இறக்கும் வழியாக எப்போதோ உள்ளே போய்விட்டிருந்தார்.

மறுநாள் சேஷாத்ரி துடித்துப்போனவர்போல் பேசினார். "கடைசி நிமிஷத்துல மாத்திட்டாங்க. ஸ்கேனர் வேற சேனல்ல நின்னுடுத்து, எனக்குக் கேக்கல." நானும் பொறியாளன்தானே, அந்தப் பெட்டியின் குறை எனக்குத் தெரியாதா? நம்பினேன். அவரைச் சமாதானப்படுத்தியவனே நான்தான். அம்மாவிடம், "வாசலை மாத்திட்டாங்கம்மா" என்றேன். "அப்படியா" என்றாள். மாதவன் வெளியே வருவதற்கு முன்பே அவள் போய்விட்டாள்.

நான் கத்தியிருந்தால் தம்பி விடுதலையாகியிருப்பான் என்று சொல்லவில்லை. அவ்வளவு முட்டாள் இல்லை. அம்மா கேட்ட ஒரே காரியம் அது என்று மட்டும் சொல்கிறேன்.

எல்லாம் ஓய்ந்து, மாதவனும் வீடு திரும்பிய பிறகு, புரோசார்டில் ஒரு நண்பர் வீட்டில் விருந்து. வீடு நிறைய ஆட்கள். நான் தயிர்சாதத் தட்டோடு நிற்கிறேன். சேஷாத்ரி என் தோளில் கையைப் போட்டு எல்லோருக்கும் சொன்னார். "இவன் பாஸ்போர்ட்டைக் காப்பாத்தினது யாரு? நான்தான்! அமைச்சர் முன்னாடி கத்தியிருந்தா டெல்லிக்காரங்க அதைப் பிடுங்கியிருப்பாங்க. பின்வழின்னு போலீஸ்காரன் காலைலேர்ந்து கத்திண்டிருந்தான். நான் இவனை முன்வாசலுக்கு அனுப்பிட்டேன்!" எல்லோரும் சிரித்தார்கள். என் முகத்தைப் பார்த்து, நன்றி சொல்வேன் என்று காத்திருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் பாஸ்போர்ட் என் சட்டைப்பையில் இருந்தது. போனால் போகட்டும் என்று நினைத்துத்தான் அன்று போய் நின்றேன். சொல்ல மாட்டேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். விருந்தில் பேச மாட்டேன் என்று சொன்ன வாய்க்கு இதற்கு மட்டும் என்ன கேடு? நான் தட்டை வைத்துவிட்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. அவர் இரண்டு முறை கூப்பிட்டார், நான் எடுக்கவில்லை. இன்றும் எனக்குக் கோபம் தணியவில்லை. அழுகையும் வருகிறது. இரண்டும் ஒரே ஆளுக்காக வருவது பெரிய கஷ்டம்.

காரியம் முடிந்த அன்று ஜெயம், "அந்த ஸ்கேனரை நீங்க எடுத்துண்டு போங்கோ ரகு. வேற யாருக்கு அது புரியும்?" என்றார். மேஜை மேல் பித்தளை டம்ளரும் இருந்தது. இரண்டையும் வேண்டாம் என்றுவிட்டேன்.

அவரிடமிருந்து என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. அன்று அந்தக் கடைத் தொலைபேசியில், முன்வாசல் என்று சொல்வதற்கு முன்னால், சேஷாத்ரி ஒரு மூச்சு இழுத்தார். எனக்குத் தெளிவாகக் கேட்டது. யாரோ ஒரு சார்ஜெண்ட் அப்படி மூச்சு இழுத்திருந்தால் நான் டம்ளரைத் தொட்டிருக்கவே மாட்டேன். சொன்னவர் சேஷாத்ரி. அதனால் கனகுவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்வாசலுக்கு ஓடினேன்.