ஊதா மூடிக் குழாயும் மீன் வெட்டும் சதீசனும்

களுவாஞ்சிக்குடிச் சந்தையில் மீன் வெட்டிக் கொடுக்கும் சதீசனுக்குப் பொறுமை பிறவியிலேயே கொஞ்சம் குறைவு. கொடுவா மீனைக் கையில் வைத்துக்கொண்டு பொரியலுக்கா கறிக்கா என்று யோசித்து நிற்பவர்களைக் கண்டால், "ஆறுதலா யோசிங்க, மீன் அழுகட்டும்" என்பான். வெட்டு சுத்தமாக இருக்கும் என்பதால், ஏச்சு வாங்கிக்கொண்டும் ஆட்கள் அவன் பலகைக்குத்தான் வந்தார்கள்.

போன வருடம் ஐஸ் பெட்டி ஒன்றைத் தூக்கும்போது அடிவயிற்றின் ஓரத்தில் ஏதோ பிதுங்கியது. குடலிறக்கம் என்றார் சத்திரசிகிச்சை நிபுணர். சின்ன ஒப்பரேஷன், வந்து படுத்தால் மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றார். சதீசனும் போய்ப் படுத்தான். இரத்தம் எடுத்தார்கள். காலையில் வெறும் வயிற்றோடு, பச்சை உடுப்பை மாட்டிக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தவனிடம் தாதி வந்து, "ஒங்களுக்கு இண்டைக்கு இல்ல. பிளேட்லெட் காணாது" என்றார்.

"காணாதெண்டா?"

"ஒன்றரை லட்சத்துக்கு மேல இரிக்கணும். ஒங்களுக்கு இருபத்தெட்டாயிரம். வெட்டினா ரத்தம் நிக்காது."

டெங்கு பரவியிருந்த காலம் அது. பிளேட்லெட் என்ற சொல் தெரியாத வீடே ஊரில் இல்லை. காய்ச்சல் இருந்ததா என்று எல்லோரும் கேட்டார்கள். தும்மல்கூட இருக்கவில்லை. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகுதான் அவன் பாடு மோசமானது. மனைவி கம்சாயினி பப்பாசி இலையை இடித்துச் சாறு பிழிந்து ஒரு கிண்ணம் நிறைய நீட்டினாள். வேப்பெண்ணெயைவிடக் கசந்தது.

"இஞ்சாருங்க, மூக்கைப் பிடிச்சிட்டுக் குடிங்க. அக்காட மகனுக்கு இதாலதானே கூடின."

"அவனுக்குக் காய்ச்சல் மாறினதால கூடின."

"அதையும் இதையும் கதைக்காமக் குடிங்க."

குடித்தான். அக்கம்பக்கத்தில் பப்பாசி மரமெல்லாம் மொட்டையாகும்வரை குடித்தான். கத்தியையும் அவள் எங்கோ ஒளித்து வைத்துவிட்டாள். மறுபடி இரத்தம் எடுத்தபோது இருபத்திரண்டாயிரம். வெளியே தனியார் ஆய்வுகூடத்தில் பார்த்தால் அங்கும் அதே கதை. இரத்த நோய் கிளினிக்குக்குப் போகச் சொன்னார்கள். எலும்பு மச்சையில் ஊசி போட்டுப் பார்க்க வேண்டி வரலாம் என்றும் ஒருவர் சொல்லிவைத்தார். அன்றிலிருந்து கம்சாயினி அடுப்படியில் தனியே நின்று அழத் தொடங்கினாள். சதீசனுக்கும் பயம் வந்தது. ஆனால் பயம் வந்தால் அவனுக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும். கண்ணில்பட்டவர்களையெல்லாம் ஏசினான்.

வீட்டில் இருக்கப் பிடிக்காமல் ஒருநாள் சந்தைக்குப் போனான். வாழைச்சேனையிலிருந்து மீன் கொண்டுவரும் முனாஸ், சூரைகளை இறக்கிக்கொண்டிருந்தான். கை பரபரத்தது. பக்கத்துப் பலகைக்காரனின் கத்தியை வாங்கி ஒரு சூரையைப் பிளந்தான். பழகாத கத்தி வழுக்கிப் பெருவிரலில் இறங்கியது.

"அல்லாஹ், ஒனக்கு ரத்தம் நிக்காதெண்டாங்களே" என்று முனாஸ் ஓட்டோ பிடிக்க ஓடினான். ஓட்டோவோடு அவன் வந்தபோது சதீசன் விரலில் துணியை அழுத்திக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருந்தான். துணியை எடுத்துக் காட்டினான். இரத்தம் நின்றிருந்தது.

இரத்த நோய் கிளினிக்கில் டொக்டர் ஸாதியா முன்னால் உட்கார்ந்ததும், அவர் கேட்பதற்கு முன்பே அந்த விரலைத்தான் நீட்டினான்.

"இருபதாயிரமோ முப்பதாயிரமோ, அத விடுங்க டொக்டர். ரத்தம் நிக்காதெண்டா இது எப்படி நிண்ட?"

டொக்டர் விரலைப் பார்த்தார். பல் முரசில் இரத்தம் கசிகிறதா, தோலில் சிவப்புப் புள்ளி வருகிறதா என்று விசாரித்தார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். "எனக்கு ஒரு சந்தேகம் இரிக்கு" என்றவர், புதிதாக இரத்தம் எடுக்கச் சொன்னார். ஊதா மூடிக் குழாயில் ஒன்று, நீல மூடிக் குழாயில் ஒன்று. ஊதா மூடிக் குழாயிலிருந்து ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் பூசிச் சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் தானே பார்த்தார். பிறகு சதீசனையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். சிவப்புக் கலங்களுக்கு நடுவே, மீன் சினை ஒட்டிக் கிடப்பதுபோல ஊதா நிறத்தில் சின்னச் சின்னக் கட்டிகள் தெரிந்தன.

"இதுதான் ஒங்கட குருதிச் சிறுதட்டுகள். நீங்க சொல்லுற பிளேட்லெட். எலும்பு மச்சைக்குள்ள பெரிய கலங்கள் இரிக்கு. அதுகள்லயிருந்து துண்டு துண்டா உதிர்ந்து வாறதுதான் இது. முழுக் கலமும் இல்ல. எட்டுப் பத்து நாள் ரத்தத்தோட ஓடித் திரியும். எங்கயும் வெட்டுப் பட்டா அந்த இடத்தில போய் ஒட்டி, மத்ததுகளையும் கூப்பிட்டு அடைச்சிரும். ஒங்கட விரல அப்படித்தான் அடைச்சிரிக்கு."

"அப்ப ஏன் குறையுது?"

"குறையல்ல. ரத்தம் உறையாம இரிக்க, எண்ணுறதுக்கு எடுக்கிற ஊதா மூடிக் குழாயில ஒரு மருந்து இரிக்கு. அபூர்வமாச் சில பேருக்கு, அந்த மருந்து பட்டதும் குழாய்க்குள்ளயே எல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டிரும். மெஷின் பருமனைப் பாத்துத்தான் எண்ணும். ஒட்டின கட்டிய அது சிறுதட்டெண்டு எடுக்காது. நீல மூடியில வேற மருந்து, அதில ஒட்டாது."

நீல மூடிக் குழாயின் கணக்கு வந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேல்.

"அப்ப எண்ட ரத்தத்தில ஒரு வருத்தமும் இல்ல?"

"இல்ல ஐயா."

சதீசனுக்குச் சந்தோஷம் வரவில்லை. முதலில் வந்தது ஆத்திரம்தான்.

"அப்ப நான் குடிச்ச பப்பாசிச் சாறெல்லாம் என்னத்துக்கு?"

டொக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அத என்னிட்டக் கேக்காதீங்க" என்றார்.

ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைத்தது. போய்ப் படுத்தான். புதிதாக வந்திருந்த தாதி ஒருத்தி ஊதா மூடிக் குழாயோடு வந்தாள். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"மிஸி, அது எனக்குச் சரிவராது. நீலத்தில எடுங்க."

"நீலம் வேற டெஸ்டுக்கு. கையத் தாங்க."

"கோப்பைப் பாருங்க மிஸி. டொக்டர் எழுதியிரிக்காங்க."

"எல்லாருக்கும் இதுலதான் எடுக்கிற."

வாட்டே திரும்பிப் பார்க்கும்படி சதீசன் கத்தினான். கம்சாயினி ஓடிப்போய் வாட் டொக்டரைக் கூட்டிவந்தாள். அவர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நீல மூடிக் குழாயைக் கொண்டுவரச் சொன்னார். தாதி முகம் கறுத்துப் போனாள். சதீசனுக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் ஒப்பரேஷன் நடந்தது. அதற்கடுத்த காலை காயத்துக் கட்டைப் பிரித்தார்கள். ஒரு சொட்டு இரத்தம் இல்லை. கம்சாயினி அந்தத் தையலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு யன்னல் பக்கம் திரும்பிச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"இப்ப ஏன் அழுறாய்? நல்லாத்தானே இரிக்கன்."

"நல்லா இரிக்கிறதாலதான் அழுறன். சும்மா இரிங்க."

சதீசன் அவள் கையைப் பிடித்துக் கட்டில் ஓரத்தில் இருத்தினான்.