மூச்சு தெரியாமல் வாசித்த ஒரு வருடம்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு நான் சாயப்பட்டறை லேபில் இருந்தேன். ஒரு நேவி புளூ துணித்துண்டை, துணி வாங்கும் பையர் அனுப்பிய மாதிரியோடு சேர்த்து லைட் பாக்ஸுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது தங்கமணி போன் செய்தார். எங்கள் ஊர் பேண்டு செட்டில் என் மனைவி ஸ்டெல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிளாரினெட் வாசிக்கும் அவருடைய தோழி.

“அண்ணா, கெளம்பி வாங்கண்ணா” என்று ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார். “ஸ்டெல்லாவுக்கு முடியல.” பிறகு, “போயிட்டாளுங்ணா” என்றார்.

லைட் பாக்ஸை அணைத்தேன். நோட்டில் ஷேடு நம்பரை எழுதினேன். அதற்குப் பிறகுதான் கிளம்பினேன். ஏன் எழுதினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

ஸ்டெல்லா வேலை பார்த்த எக்ஸ்போர்ட் கம்பெனியில், சாம்பிள் செக்‌ஷனில், மிஷினிலேயே சரிந்திருக்கிறார். கம்பெனி வேனில் கொண்டுவந்திருக்கிறார்கள். நான் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. நர்ஸ் ஒருவர் என்னைத் தடுத்து, “நீங்க யாருங்க?” என்றார்.

“வீட்டுக்காரர்.”

அவர் கையிலிருந்த கார்டைப் பார்த்தார். “அவசரத்துக்குக் கூப்பிட இதுல தங்கமணின்னு இருக்குதுங்க. வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்கறாருன்னு நெனச்சோம்.”

கார்டோடு ஒரு தடித்த ஃபைலும் இருந்தது. முதல் தாள் போன வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் போட்டது. இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது, அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், அதுவரை உடம்பை வருத்தக் கூடாது என்று எழுதியிருந்தது. கடைசித் தாளில், தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ஆபரேஷனுக்குப் பிப்ரவரி மாதத்தில் தேதி குறித்திருந்தது. அந்த ஃபைலைப் பற்றித் தங்கமணிக்குத் தெரியும். பேண்டு மாஸ்டருக்குத் தெரியும். பேண்டில் ஸ்டெல்லாவைத் தவிர இருந்த பதினாறு பேருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது.

அவருடைய முப்பதாம் நாள் நினைவை, எல்லாருக்கும் லீவு என்பதால், வருகிற ஞாயிற்றுக்கிழமை வைத்திருக்கிறோம். கல்லறையில் வந்து வாசிக்க பேண்டுக்காரர்கள் என்னிடம் அனுமதி கேட்டிருக்கிறார்கள். நினைவு மலருக்கு ஒரு கட்டுரையும் கேட்டிருக்கிறார்கள். கட்டுரை இதுதான். அனுமதி தருவதா, மறுபடியும் திருப்பி அனுப்புவதா என்பதை இதை எழுதி முடிப்பதற்குள் நான் முடிவு செய்தாக வேண்டும்.

ஸ்டெல்லாவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பல்லடத்திலிருந்து பொங்கலூர் போகும் வழியிலுள்ள எங்கள் சிற்றூரிலேயே பிறந்தவர். எங்கள் பேண்டில் சேர்ந்த முதல் பெண். “பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி ஊதற வேலை?” என்று கேட்ட அத்தையிடம், “அடுப்பு ஊதறப்ப ஒரு நாளும் கேக்கலீங்களே அத்தை” என்றவர். அவர் சேர்ந்த மறுவருடம் தங்கமணியையும் இழுத்துக்கொண்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

எங்கள் பேண்டு யாருடையது என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். ஆரம்பித்தது கோயில் தெருவில் உள்ள மாதா சபை. இன்றைக்கு அதில் பாதிப் பேர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். எல்லாரும் பனியன் கம்பெனிகளில் கட்டிங், அயனிங், செக்கிங் வேலை பார்க்கிறவர்கள். ஞாயிறு மத்தியானம் ஒரு பழைய குடோனில், கட்டிங் வேஸ்ட் மூட்டைகளுக்கு நடுவில் பயிற்சி. மூட்டைகள் சத்தத்தை விழுங்கிவிடும் என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, “அதுக்குத்தானுங்க அங்க வாசிக்கறோம். எங்க தப்பையும் சேத்து முழுங்கீரும்” என்றார் ஸ்டெல்லா.

எங்கள் கல்யாண வரவேற்பில் பேண்டு வாசித்தது. மணப்பெண் மேடையில் இருந்ததால் தங்கமணி தனியாக வாசித்தார். மூன்றாவது பாட்டில் கிளாரினெட் கீச்சென்று கத்தியது. என் பக்கத்திலிருந்த ஸ்டெல்லா, “மாமா, ரெண்டே நிமிசம். இவங்க என்ற கல்யாணத்தையே கெடுத்துப்போடுவாங்க” என்று பட்டுச் சேலையோடு இறங்கிப் போனார். கிளாரினெட்டின் ஊதுவாயிலிருந்த நாணல் ரீடைக் கழற்றி, வாயில் வைத்து நனைத்து, மாட்டிக் கொடுத்துவிட்டு மேடையேறினார். வீடியோவில் அந்த இரண்டு நிமிடமும் நான் மட்டும் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

பேண்டில் ஒரு வழக்கம் உண்டு. நீளமான சுரம் வரும்போது பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கக் கூடாது. ஒருவருக்கு மூச்சு போகும்போது மற்றவர் கொஞ்சம் அழுத்தி ஊதுவார். அவர் திரும்ப வந்து சேர்ந்ததும் இவர் தணித்துக்கொள்வார். மாஸ்டர் ஆரோக்கியம் அயனிங் மாஸ்டர்தான், சங்கீதம் முறையாகப் படித்தவரல்ல. அவர் வைத்திருந்த சட்டம் இது ஒன்றுதான். “ஆருக்கு மூச்சு போனாலும் போகட்டும். தெருவுல நிக்கறவனுக்குத் தெரியப்படாது.”

போன வருடம் முழுவதும் அவர்கள் இதைத்தான் செய்தார்கள். நான் தெருவில் நின்றவன்.

அந்த வருடத்தை நான் போனில் பதிவு செய்துவைத்திருக்கிறேன். ஈஸ்டர் ஊர்வலம்தான் முதல் பதிவு. அப்போது ஸ்டெல்லாவுக்குத் தெரிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது என்பதை ஃபைலைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, “எப்படியிருந்துச்சு மாமா?” என்று கேட்டார். “போன வருசத்தவிட கிளாரினெட் நல்லா இருந்துச்சு” என்றேன். அவர் திரும்பிக்கொண்டு தண்ணீர் குடித்தார்.

அடுத்து மாரியம்மன் நோம்பித் திருவிழா. பூவோடு என்னும் தீச்சட்டியை எடுத்து வரும் பெண்களுக்கு முன்னால் எங்கள் பேண்டு எப்போதும் நடந்துதான் போகும். போன வருடம் மாஸ்டர் ஒரு டிராக்டர் டிரெய்லரைப் பிடித்து எல்லாரையும் அதில் ஏற்றிவிட்டார். டீக்கடைப் பக்கம் போகும்போது ஒருவர், “ஏனுங் மாஸ்டர், காலு தேஞ்சு போச்சா? சாமியே நடந்து வருது, நீங்க வண்டில போறீங்க!” என்று கத்தினார். மாஸ்டர் மேலிருந்தபடியே, “மேல இருந்தாத்தானே உங்க வழுக்கை தெரியுது!” என்று திருப்பிக் கொடுத்தார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். டிரெய்லர் நல்ல யோசனை, சத்தம் தூரத்துக்குப் போகிறது என்று மாஸ்டரிடம் பாராட்டிச் சொன்னேன்.

“ஆமாங்க தம்பி” என்றார் மாஸ்டர். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

ஆகஸ்டில் மாதா கோயில் தேர். அன்றிலிருந்து ஸ்டெல்லா லிப்ஸ்டிக் போட ஆரம்பித்தார். நன்றாக இருக்கிறது என்றேன். கிளாரினெட் வாசிக்கிறவர்கள் யாரும் லிப்ஸ்டிக் போட மாட்டார்கள், ரீடில் ஒட்டும். அது எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கவில்லை. உதட்டின் நீலத்தை மறைக்க அதை வாங்கிக் கொடுத்தவர் தங்கமணி. நிறத்தில் இம்மியளவு வித்தியாசம் இருந்தாலும் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குக் கம்பெனியில் நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

கிறிஸ்துமஸ் வந்தது. பாடல் பவனியில் முதல் தெருவோடு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். “மாமாவுக்குத் தோசை ஊத்தோணும்னு மாஸ்டர் கிட்டச் சொல்லிப்போட்டேன்” என்று வந்து நின்றார். எனக்காக வந்தார் என்று சந்தோஷப்பட்டேன்.

இந்தப் பதிவுகளை எல்லாம் இப்போது ஹெட்போன் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். தெரிந்த பிறகும், எந்த இடத்தில் ஸ்டெல்லாவின் மூச்சு நின்றது, எந்த இடத்தில் தங்கமணி எடுத்துக்கொண்டார் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறார்கள்.

பொங்கலுக்குக் கம்பெனிகள் எல்லாம் லீவு. ஐந்து நாள் நானும் அவரும் வீட்டிலேயே இருந்தோம். அந்த லீவில் என்னிடம் சொல்லிவிடுவதாக பேண்டுக்காரர்களுக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தாராம். மூன்றாம் நாள் நான் மிக்ஸியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் எதிரே வந்து உட்கார்ந்து, “மாமா, ஒண்ணு சொல்லோணும்” என்றார். “சொல்லு” என்றேன், நிமிராமல். “இந்த ஸ்குரூவு சோபாவுக்கு அடியில கெடந்துச்சு” என்று ஒரு திருகாணியை நீட்டினார். வாங்கி மாட்டினேன். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமைதான் அந்த போன் வந்தது.

அடக்கத்தன்று பேண்டுக்காரர்கள் வெள்ளைச் சீருடையில், கருவிகளோடு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “வாசிக்க வேண்டாம்” என்றேன். மாஸ்டர், “தம்பி, அது எங்க புள்ளைங்க” என்றார். “உங்க புள்ளைதான். அதனாலதான் உங்களுக்கு மட்டும் தெரிஞ்சிருக்குது. போயிருங்க” என்றேன். அவர்கள் தெருமுனை வரை போய் அங்கேயே நின்றார்கள். ஊரிலிருக்கும் எல்லாருடைய சாவுக்கும் வாசித்தவர், ஒரு சத்தமும் இல்லாமல் போய்ச் சேர்ந்தார். அதைச் செய்தது நான். இதையும் எழுதாமல் விட்டால் நானும் மறைப்பவன் ஆகிவிடுவேன்.

பத்தாம் நாள் மாஸ்டர் தனியாக வந்தார். காபியைத் தொடவில்லை.

“கோவிச்சுக்கறது நாயந்தானுங்க தம்பி” என்றார். “மாசம் ஒருக்கா அது கிட்டச் சொன்னேன், ஊட்டுக்காரருகிட்டச் சொல்லிரு கண்ணுன்னு. அதுக்கு என்ன சொல்லுச்சு தெரியுமுங்களா?”

“சொல்லுங்க.”

“அவருக்குத் தெரிஞ்சா என்னையப் பாக்க மாட்டாருங்க மாஸ்டர், நோட்டுல எழுதி வெச்சுட்டு அதையத்தான் பாத்துட்டிருப்பாரு. ஆப்பரேசன் வரைக்கும் நான் மனுசியா இருந்துக்கறேன்னுச்சு.”

நோய் தெரிவதற்கு முந்தின வருடம் ஸ்டெல்லாவுக்குக் காய்ச்சல் வந்தபோது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சூடு பார்த்து, கிராஃப் போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்தவன் நான். “நானென்ன டையிங் மிஷினா மாமா?” என்று அன்றே கேட்டார்.

“நீங்களாவது சொல்லியிருக்கலாமே” என்றேன்.

மாஸ்டர் காபித் தம்ளரைத் தள்ளிவைத்தார். “பக்கத்தாளுக்கு மூச்சு போனா நாம எடுத்து ஊதோணும், வெளிய காட்டப்படாது. முப்பது வருசமா அதையவே சொல்லிச் சொல்லி, அதுவே பழக்கமாயிருச்சுங்க. பாட்டுக்கு ஆகறது மனுசனுக்கும் ஆகுமுன்னு நெனச்சுப்போட்டோம். தப்புத்தானுங்க.”

அவர் சொன்னதை நம்புகிறேன். கெட்ட எண்ணத்தில் யாரும் செய்யவில்லை. ஆனால் அதனால் என் கோபம் ஒன்றும் குறையவில்லை. தெரிந்திருந்தால் நான் அவரை பேண்டுக்கு அனுப்பியிருக்க மாட்டேன், ஆபரேஷனைத் தள்ளிப்போடவும் விட்டிருக்க மாட்டேன். அதனால்தான் அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார். அந்த வாய்ப்பையும் சேர்த்துத்தான் என்னிடமிருந்து மறைத்தார்கள்.

நேற்று மத்தியான இடைவேளையில் தங்கமணி எங்கள் கம்பெனி கேட்டுக்கு வந்தார். அனுமதி கேட்கத்தான் வந்தார் என்று எனக்குத் தெரியும். கேட்பதற்கு முன், “அண்ணா, ஒண்ணு சொல்லட்டுங்களா? திட்டாதீங்க” என்றார்.

ஆடி மாதத்தில் ஒருநாள் ஆஸ்பத்திரியில் டெஸ்ட் முடிந்து இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருக்கிறார்கள். ரோட்டோரக் காளான் கடையைப் பார்த்ததும் ஸ்டெல்லா நின்றுவிட்டார். மஞ்சள் சுடிதாரில் மண் படக் கூடாதென்று, ஆஸ்பத்திரி ஃபைலைத் திட்டில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து ஒரு பிளேட் சாப்பிட்டிருக்கிறார்.

“டாக்டர் என்ன சொன்னாங்க, நீ என்னடி பண்றேன்னு கேட்டேங்ணா. காளானைப் பத்தி ஒண்ணும் சொல்லலியேங்கறா. அப்பறம் உங்களையாட்டமே செஞ்சு காட்டுனா. எங்கூட்டுக்காரரு வெங்காயத்தையெல்லாம் ஓரமா ஒதுக்கி, வரிசையா வெச்சுட்டுத்தான் திங்க ஆரம்பிப்பாருன்னு. சிரிச்சுச் சிரிச்சு, மசாலாவ மடியிலயே கொட்டிக்கிட்டா.”

அந்தக் கறை எனக்குத் தெரியும். கேன்டீன் குழம்பு என்று சொன்னார். லேபிலிருந்து கரைசல் கொண்டுவந்து நான்தான் அதை எடுத்தேன், சாயம் போகாமல். நல்லா எடுத்திருக்கீங்க மாமா என்று சிரித்துக்கொண்டே மூன்று முறை சொன்னார். அப்போது ஏன் அப்படிச் சிரித்தார் என்று நேற்று கம்பெனி கேட்டில் நிற்கும்போதுதான் புரிந்தது. அந்த நாளில் பாதி என்னிடம் இருந்திருக்கிறது. மீதி தங்கமணியிடம் இருந்திருக்கிறது.

அதனால் பேண்டு அன்பர்களுக்குச் சொல்கிறேன். ஞாயிறு மாலை நாலு மணிக்குக் கல்லறைக்கு வாருங்கள். கருவிகளைக் கொண்டுவாருங்கள், வாசியுங்கள். ஆனால் வாசிப்பதற்கு முன்னால் நீங்கள் ஒவ்வொருவரும் என்னிடம் வந்து, அந்த வருடத்தில் எனக்குத் தெரியாத ஸ்டெல்லாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிச் சொல்ல வேண்டாம். அழுதிருந்தால் அழுதார் என்று சொல்லுங்கள். என்னைத் திட்டியிருந்தால் அதே வார்த்தையில் சொல்லுங்கள். எவ்வளவு நேரமானாலும் நிற்கிறேன். உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. என் மனைவியின் கடைசி வருடம் உங்களிடம் இருக்கிறது. அதை எனக்குக் கொடுங்கள்.

ஸ்டெல்லா, உன்மேல் உள்ள கோபத்தோடுதான் ஞாயிற்றுக்கிழமை வருவேன். ஆனால் நேற்றிலிருந்து கண்ணை மூடினால் ஆஸ்பத்திரிக் கட்டில் வருவதில்லை. ஃபைலை அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டு, விரலை நக்கியபடி, கடைக்காரரிடம் காலித் தட்டை நீட்டுகிறாய். “இன்னொண்ணு வைங்கண்ணா” என்கிறாய். பஸ் ஒன்று வந்து நிற்கிறது. போகட்டும், அடுத்ததில் வா. நிதானமாகச் சாப்பிடு.