புகையிட்ட தோலும் என் ஏழு எழுத்தும்

எங்கள் ஊர்ச் சிதறால் பாறையை வேற்றுக் கிரகமாக்க டிவி தொடர் எடுக்கிறவர்கள் வந்தார்கள். அந்தக் கிரகத்துச் சீவனுக்குச் சென்னையிலிருந்து பஞ்சில் தோல் செய்து கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் மழையில் இரண்டே நாளில் அது ஊறித் தொங்கிவிட்டது. அவர்களோடு வந்த, உடை தைக்கிற தம்பி மழைக்கு ஒதுங்கி எங்கள் வீட்டுக்குள் வந்து, தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

அடுப்புக்கு மேலே ரப்பர் ஷீட்டுகள் புகையில் தொங்கிக்கொண்டிருந்தன. நாற்பது வருடமாக ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள் நான். பாலை உறையவைத்து, மிஷினில் கொடுத்து, புகையில் போட்டால் ஷீட் தேன் நிறத்துக்கு வரும். மிஷின் பல் பதிந்த கட்டம் கட்டமான வரியும் இருக்கும். தம்பி ஒன்றைத் தொட்டார், முகர்ந்தார், முகம் சுளித்தார். பிறகு துள்ளி எழுந்தார்.

"அம்மா, இதுதான் நான் தேடின தோல்!"

"கொண்டு போங்க. ஆனா எனக்க பேரைப் போடணும்."

"கண்டிப்பா போடுவோம்மா. கடைசியில பேரெல்லாம் ஓடும்ல, அதுல."

முதுகுக்குத் தடித்தது, முழங்கை மடங்கும் இடத்துக்கு மெல்லியது என்று நானே பார்த்து எடுத்துக் கொடுத்தேன். அதற்குள் நுழைந்து நடித்தவர் நாற்றம் தாங்காமல் பாறையைச் சுற்றி ஓடினாராம்.

ஞாயிறுதோறும் தொடர் வந்தது. பத்து வாரம். ஊரே பார்த்தது. கிரகத்தின் மூலையில் ஒரு ஆடு மேய்ந்ததைக் கண்டு, "அது எனக்க ஆடாக்கும்!" என்று கத்தினாள் என்னோடு பால் வெட்டும் கூட்டுக்காரி. எனக்கோ என் பெயர் ஒன்றுதான் குறி. ஆனால் இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். பெயர்களோ காற்றாய்ப் பறந்தன.

"வந்துட்டு அத்தை, பாத்தியளா?" என்றாள் மருமகள். அவள் நல்லவள். என் மனம் நோகக்கூடாதென்று இல்லாததையும் இருக்கிறதென்பாள்.

"படம் பிடிக்க வந்தவன் ஒனக்க பேரைப் போடுவானா? போ பிள்ளே," என்று சிரித்தாள் கூட்டுக்காரி. அவளுக்கு வாசிக்கவே தெரியாது.

"போனுல நிறுத்திக் காட்டட்டா அத்தை?"

"வேண்டாம். ஓடும்போதே பிடிப்பேன்."

என் பெயர் ஏழு எழுத்து. மூன்றாம் வாரம் முதல் எழுத்தைப் பிடித்தேன். அதே எழுத்தில் ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்களே! ஆறாம் வாரம் மூன்று எழுத்து. ஒரு நீளப் பெயர், ஒரு குட்டைப் பெயர், அதற்கடுத்தது என்று இடத்தையும் கண்டுவைத்துக்கொண்டேன், தோட்டத்தில் மரத்தை அடையாளம் வைப்பதுபோல. ஒன்பதாம் வாரம் ஐந்தோடு ஓடிவிட்டது.

கடைசி ஞாயிறு கூட்டுக்காரி ஒட்டி உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உண்மையிலேயே வந்தா கையை அமுக்கு. அப்பந்தான் நம்புவேன்."

நீளப் பெயர் போயிற்று. குட்டைப் பெயர் போயிற்று. ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு. ஏழும் என்னுடையவை.

"ஏட்டி, விடு! எனக்க கை முறியுது!" என்று அலறினாள் அவள். மருமகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

கையை உதறிக்கொண்டே கூட்டுக்காரி கேட்டாள்: "அது கெடக்கட்டு. அந்தச் சீவன் செத்துதா, பிழைச்சுதா?"

எனக்குத் தெரியவில்லை. அன்று முழுக்க நான் பெயர் வருவதற்குத்தான் காத்திருந்தேன்.