ஜன்னலுக்கு வெளியே டாம் பலகை

2024 ஒக்டோபர் 22, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். தூறல். மடுல்சீமைப் பக்கத்து மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. லுணுகலைக் கடைவீதியில் நான் தினமும் தேநீர் குடிக்கும் கடைக்குள் அந்த நேரத்தில்தான் சுகாதாரப் பரிசோதகர் நுழைந்தார். அவர் கையில் ஒரு கடிதம் இருந்தது. அதை எழுதியவன் நான்.

பெயர் போடாமல்தான் எழுதியிருந்தேன். கையெழுத்தை யாராவது அடையாளம் கண்டுவிடுவார்கள் என்று பயந்து பசறைக்குப் போய் அங்கே ஒரு கடையில் டைப் அடித்துக்கொண்டு வந்தேன். ஒரு தோட்டத்து ஒபீசில் முப்பத்தொரு வருடம் கிளாக்கராக இருந்தவனுக்கு இந்த அளவு முன்யோசனை இல்லாமல் போகுமா?

சட்டம் புதிது அல்ல. சாப்பாட்டுக் கடைக்குள் புகைக்கக்கூடாது என்பது எல்லோருக்கும் எவ்வளவோ காலமாகத் தெரியும். அதைச் சொல்லும் பலகைகூட அந்தக் கடையில் இருந்தது. அதன் மேல் ஒரு நாட்காட்டி தொங்கியது. வாசல் தூணில், முனையில் கனல் கட்டிய தென்னங்கயிறு ஒன்று நாள் முழுவதும் புகைந்துகொண்டிருக்கும். வருகிறவர்கள் அதில் பற்றவைத்துக்கொண்டு உள்ளே வந்து உட்காருவார்கள். அதைப் பிழை என்று யாரும் நினைக்கவில்லை. நானும் பதின்மூன்று வருடம் நினைக்கவில்லை.

ஓய்வு பெற்ற நாளிலிருந்து காலை ஆறு நாற்பது முதல் எட்டுப் பத்து வரை அந்தக் கடையில் மூன்றாவது மேசைதான் என் இடம். எதிரே எங்கள் தோட்டத்து லொறியை ஓட்டிய டிரைவர். அவரும் என்னோடு அதே வருடம் ஓய்வு பெற்றவர். இரண்டு பிளேன்டீ, ஒரு டாம் ஆட்டம். கறுப்பு வெள்ளைக் கட்டப் பலகையில் காய் தாண்டி வெட்டும் ஆட்டம்; காய்களாக எனக்குச் சோடா மூடிகள், அவருக்கு பியர் மூடிகள். ஓர் ஆட்டத்துக்கு அவருக்கு நான்கு சிகரெட் வேண்டும். தொடங்க ஒன்று, நடுவில் இரண்டு, முடிந்ததும் ஒன்று. வென்றாலும் தோற்றாலும் அந்த நான்காவது தவறாது.

எனக்கு மூச்சு விடும்போது விசில் சத்தம் வரத் தொடங்கியது. கிளினிக்கில் டொக்டர், "புகைப்பீங்களா?" என்றார். வாழ்க்கையில் ஒன்றுகூட இல்லை என்றேன். "பக்கத்துல யாராவது?" என்றார். வீட்டுக்கு வந்து யோசித்தேன். டிரைவரிடம் சொல்லலாம். சொன்னால் எழுந்து போய்விடுவார், அவர் சுபாவம் அப்படி. போய்விட்டால் நான் யாரோடு விளையாடுவது? அரசாங்கம் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள், யாருக்கும் யார் மீதும் வருத்தம் இருக்காது என்று கணக்குப் போட்டேன். அப்படித்தான் அந்தக் கடிதம் போனது.

பரிசோதகர் கடிதத்தைக் கடை முதலாளிக்கு உரக்க வாசித்துக் காட்டினார். "ஆறு நாட்களில், காலை ஆறு நாற்பது முதல் எட்டுப் பத்து வரை, மொத்தம் நூற்றெண்பத்தேழு சிகரெட்டுகள். நாளொன்றுக்குச் சராசரி முப்பத்தொன்று. மழை நாட்களில் முப்பத்தாறு, மழையில்லாத நாட்களில் இருபத்தாறு. மூன்றாவது மேசையில் மட்டும் ஒருவரே நாள் தவறாமல் நான்கு."

அவர் வாசிக்க வாசிக்க முதலாளியின் தலை மெல்ல என் பக்கம் திரும்பியது. பிறகு பக்கத்து மேசைக்காரர்களின் தலைகள். கடைசியாக டிரைவரின் தலை. டைப் அடித்த கடிதத்தில் கையெழுத்து இருக்காது என்று நினைத்தேனே!

பரிசோதகர் எச்சரிக்கை செய்துவிட்டுப் போனதும் முதலாளி நாட்காட்டியைக் கழற்றினார். தூணில் இருந்த கயிற்றை அவிழ்த்துத் தண்ணீர் வாளியில் போட்டார். சுருசுருவென்று ஒரு சத்தம். பிறகு என்னிடம் வந்து, "சேர், நான் ஒண்ணும் கேக்கல்ல. மழை நாள் வேற, வெயில் நாள் வேறன்னு பிரிச்சு சிகரெட் எண்ணுற ஆள் இந்த லுணுகலையில எத்தின பேர் ஈக்காங்க?" என்றார்.

டிரைவர் பற்றவைக்காத சிகரெட்டை மறுபடியும் பெட்டிக்குள் வைத்தார். "பெரட்டுக் களத்துல பேர் வெட்டுற மாதிரி வெட்டிட்டீங்களே, கிளாக்கரய்யா" என்றார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்தக் களத்தில் பிந்தி வந்தவர்களின் பெயரை நான் வெட்டியிருக்கிறேன். அவர் பெயரை ஒருநாளும் வெட்டியதில்லை.

அதன் பிறகும் அவர் வந்தார். ஆனால் ஓர் ஆட்டத்தில் நான்கு தடவை எழுந்து வீதிக்குப் போனார். மழையில் நனைந்துகொண்டு அவசரமாக இழுத்துவிட்டு வருவார். வந்து உட்கார்ந்தால் எந்தக் காய் எங்கே நின்றது என்று மறந்திருப்பார். பதினேழு ஆட்டங்களில் பதினான்கை நான் வென்றேன். பதின்மூன்று வருடக் கணக்கில் அவர் என்னைவிட நூற்று நாற்பத்திரண்டு ஆட்டங்கள் முன்னால் இருந்தவர். இப்படிக் கிடைத்த வெற்றியை எந்தப் பக்கத்தில் எழுதுவது? பதினெட்டாம் நாள் அவர் வரவில்லை. பத்தொன்பதாம் நாளும் வரவில்லை.

கடைக்கும் அந்த வாரங்கள் மோசம். காலையில் வழக்கமாக நாற்பத்து மூன்று பேர் வருவார்கள். இருபத்தொன்பதாகக் குறைந்தது. வீதியின் மேல்முனையில் உள்ள பாரில் நிலைமை வேறு விதம். பரிசோதகர் அங்கேயும் போயிருந்தார். முன்பெல்லாம் பின் அறைப் புகைக்குள் யார் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. இப்போது புகைக்க வேண்டியவர்கள் நடுவீதிக்கு வந்து நின்றார்கள். சம்பளச் சனிக்கிழமை சாமான் வாங்க வந்த மனைவிமார் அவர்களை வரிசையாகப் பார்த்தார்கள். "மருந்து எடுக்கப் போறேன்னு சொன்னீங்க, இதானா அந்த டிஸ்பென்சரி?" என்று ஒருத்தி கேட்டதை நானே கேட்டேன்.

அதே சனிக்கிழமைதான் இன்னொன்றும் நடந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் எங்கள் கடைக்குள் வந்து உட்கார மாட்டார்கள். வாசலில் நின்று ரொட்டியையும் வடையையும் பார்சல் கட்டிக்கொண்டு போவதுதான் வழக்கம். அன்று ஒருத்தி தலையை உள்ளே நீட்டினாள். மேலே கூரையைப் பார்த்தாள். மூக்கை நீட்டி முகர்ந்தாள். "பொக இல்லடி, வாங்க!" என்றாள். ஒன்பது பேர் வந்து இரண்டு மேசைகளை நிறைத்தார்கள். சூடான தேநீரைச் சாவகாசமாக ஊதி ஊதிக் குடித்தார்கள். அடுத்த சனிக்கிழமை இருபத்திரண்டு பேர். பிள்ளைகளை நான் சேர்க்கவில்லை.

முதலாளி என் மேசைக்கு வந்து, "சேர், இன்னொரு கடிதம் எழுதுறதுன்னா முன்கூட்டியே சொல்லுங்க. மாவு கூடப் பிசையணும்" என்றார். அன்றுதான் அவர் என்னை மன்னித்தார் என்று எடுத்துக்கொண்டேன்.

என் நெஞ்சு விசிலும் நின்றுவிட்டது. ஆனால் மூன்றாவது மேசையில் இரண்டு பக்கக் காய்களையும் நானே நகர்த்திக்கொண்டிருந்தேன். நல்ல காற்றை இழுத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்க எரிச்சலாக இருந்தது. அவர் வராமல் போன ஆறாவது நாள் டிரைவர் வீட்டுக்குப் புறப்பட்டேன். மேட்டு லயத்து வீட்டு வரிசையில் கடைசிக் காம்பரா அவருடையது. படியிலேயே உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் சிகரெட்டைக் கீழே தேய்த்து அணைத்தார்.

"வாங்க கிளாக்கரய்யா. ஏறி வந்த படிய எண்ணியிருப்பீங்களே?"

"இருநூற்றுப் பதினாறு."

"இருநூத்திப் பதினேழு. கீழ்ப்படி மண்ணுக்குள்ள பொதஞ்சு கெடக்கு."

மூச்சு வாங்க உட்கார்ந்தேன். அவர் என் நெஞ்சைப் பார்த்தார்.

"நெஞ்சுக்கு ஆகலைன்னு ஒரு வார்த்த எங்கிட்டச் சொன்னா என்னங்க? நான் எந்திரிச்சுப் போயிருப்பேனே."

"அதுக்குப் பயந்துதான் சொல்லல."

அவர் சிரித்தார். "இப்ப மட்டும் என்ன, போயிட்டேன்ல? இம்புட்டுக் கணக்குத் தெரிஞ்ச மனுசன் இத எண்ணாம விட்டுட்டீங்களே."

"திரும்பி வாங்க."

"உள்ள இருந்தா எனக்கு வெளயாட்டு ஓடல. பக்கத்துல இருந்து குடிச்சா ஒங்களுக்கு ஆகாது. எப்புடிங்க?"

இறங்கி வரும்போது அந்த இருநூற்றுப் பதினேழாவது படியைக் காலால் தோண்டிப் பார்த்தேன். இருந்தது. கடைக்கு வந்ததும் மூன்றாவது மேசையை ஒட்டிய ஜன்னலை அளந்தேன். கண்ணாடிக் கதவு, உள்பக்கமாகத் திறப்பது. வெளியே ஆள் நடமாட்டம் இல்லாத சந்து. ஜன்னலுக்கு வெளியே ஒரு பலகை அடித்து, அதன் மேல் டாம் பலகையை வைத்து, அதற்கு மேலே தகரம் போட்டால்? நான் உள்ளே, அவர் வெளியே. அவர் பற்றவைக்கும்போது நான் கதவைச் சாத்திக்கொள்வேன். முடிந்ததும் கண்ணாடியில் தட்டுவார்.

முதலாளிக்குச் சந்தேகம். "சட்டம் செவுத்தோட முடியுதா, சேர்?" என்றார். இந்தத் தடவை கடிதம் எழுதவில்லை. நேரே பரிசோதகரிடம் போய்க் கேட்டேன். அவர் வந்து சந்துப் பக்கத்தைப் பார்த்தார், கதவைச் சாத்திப் பார்த்தார், உள்ளே புகை வராவிட்டால் ஆட்சேபனை இல்லை என்றார். போகும்போது, "ஆறு நாள் உட்கார்ந்து எண்ணினது நீங்கதானா?" என்றார். ஆமாம் என்றேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் தகரம் ஏறியது. வாளியில் போட்ட கயிற்றை முதலாளி அடுப்படியில் காயவைத்துப் பத்திரமாகத்தான் வைத்திருந்திருக்கிறார். அதைத் தகரத்தின் காலில் கட்டிவிட்டார். டிரைவர் ஒரு ஸ்டூலோடு வந்தார். முதல் ஆட்டத்தில் கண்ணாடியை நான்கு தடவை சாத்தினேன். அந்த நேரங்களில் புகைக்கு நடுவே அவர் புருவத்தைச் சுருக்கிக் காய்களைப் பார்ப்பதை மட்டும் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். சாத்திய கதவுக்குப் பின்னால் அவர் ஏதாவது ஒரு காயை நகர்த்திவிடுவாரோ என்ற பயம் எனக்கு இன்றைக்கும் போகவில்லை. கட்டங்களை எண்ணி வைத்துக்கொள்கிறேன்; இதுவரை பிசகவில்லை. அன்று அவர் இரண்டு காய்களை ராஜாவாக்கி வென்றார். அந்தப் பதினான்கு வெற்றிகளையும் நான் என் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன்.

மழை பலத்தால் தகரச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அப்போது கண்ணாடியில் விரலால் தட்டிக் காட்டுகிறோம். பின் மேசைகளில் பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். "தாத்தா, ஜெயில்ல பாக்கப் போன மாதிரி இருக்கு. உள்ள இருக்கிறது யாரு, வெளிய இருக்கிறது யாரு?" என்று ஒருத்தி கேட்டாள். டிரைவருக்குச் சொன்னேன். "கேஸ் போட்டவருதான் உள்ள இருக்காருன்னு சொல்லுங்க" என்றார்.

செலவில் பாதியைத் தருவதாக முதலாளி சொன்னார். நான் வாங்கவில்லை. கடிதம் என்னுடையது. இரண்டு தகரம், ஒரு பலகை, ஆணி, தச்சு வேலை செய்த பாஸுக்கு அரை நாள் கூலி எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்.